பின்னடி

(பத்மநாபபுரத்தில் நூலக வாசகர்களின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

அழைக்க வந்தவர்கள், "குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுங்க சார்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேச முடியாது. ஒரே ஒரு அடியைப் பற்றிப் பேசலாம். பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கிற அடி. அதைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றரை மணிக்கே வந்துவிட்டதால் அரண்மனைக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற இடம்தான். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரையை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு எப்போதும் கண் போவது அந்த உருண்டைக் கல்லின் மேல். 38 கிலோ. படையில் சேர வருகிற இளவட்டம் அதைத் தலைக்குமேல் திரும்பத் திரும்பத் தூக்கிக் காட்டவேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இன்றைக்கும் ஒரு குடும்பம் அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அப்பா பையனைப் பார்த்து, "நீ தூக்குவியாலே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தூக்கலாம். கல்லுக்கு இரண்டு நல்ல குணம் உண்டு. அது திருப்பி அடிக்காது. உங்களை நோக்கி நடந்தும் வராது. நடந்து வருகிற கல்லை என்ன செய்வது என்பதுதான் என் தலைப்பு.

தமிழில் 'அடி' என்றால் பாதம். காலடி, சேவடி என்கிறோம். 'அடி' என்றால் தாக்குவதும்தான். நீளத்தை அளக்கிற அளவுக்கும் அடி என்றே பெயர். பாட்டில் வருகிற வரிக்கும் அதே பேர். அது வாத்தியார்கள் பாடு, நமக்கு வேண்டாம். நான் சொன்ன முதல் மூன்றும் குத்துச்சண்டைக்காரனுக்கு ஒரே பொருள். காலை எங்கே வைத்தான், எத்தனை அடி தூரத்தில் நின்றான் என்பதுதான் அவன் அடித்த அடி. நம் மாவட்டத்து ஆசான்கள் தங்கள் வித்தைக்கு 'அடிமுறை' என்று பேர் வைத்தபோது எந்த அடியை நினைத்து வைத்தார்கள் என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை.

ஒரு எதிர்ப்பை முதலிலேயே பார்த்துவிடுவோம். பின்னால் போவது நமக்குப் பிடிக்காது. புறமுதுகு என்ற சொல்லே வசவு மாதிரி. மகன் முதுகில் புண்பட்டு விழுந்தான் என்று கேள்விப்பட்டு, அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன கிழவி புறநானூற்றில் இருக்கிறாள். கரிகாலனோடு வெண்ணியில் பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பட்ட வேல் முதுகு வழியாகப் போய்விட்டது என்பதற்காக நாணி, வடக்கிருந்து உயிரை விட்டான். முன்னால் வாங்கிய புண்தான். பின்னால் ஓட்டை தெரிந்துவிட்டதே என்ற வெட்கம். அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்துவிட்டு, "தம்பி, ஒரு எட்டுப் பின்னால வை" என்று சொல்லிக்கொடுக்கிறது எனக்குப் பிழைப்பு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பின்னால் நகர்கிற குத்துச்சண்டைக்காரன் முதுகைக் காட்டுவதில்லை. முகமும் நெஞ்சும் எதிராளியைப் பார்த்தபடிதான் இருக்கின்றன. கிழவி வந்து புரட்டிப் பார்த்தாலும் புண் முன்பக்கம்தான் இருக்கும். திரும்பி ஓடுகிறவன் வேறு, பின்னால் எட்டு வைக்கிறவன் வேறு. முதலாமவனுக்கு எதிராளி தெரியமாட்டான். இரண்டாமவனுக்கு எதிராளியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

இந்த இடத்தில் நான் திருக்குறளைச் சொல்வேன் என்று பெரியவர்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். காலமறிதல் அதிகாரத்தில் ஒரு சண்டைக்கடா வருமே, பாய்வதற்காகப் பின்வாங்குகிற கடா. அந்தக் குறளைத்தான் எல்லா விளையாட்டு விழாவிலும் சொல்கிறார்கள். அருமையான உவமை. ஆனால் என் கணக்குக்கு அது உதவாது. கடா பின்னால் போவது முன்னால் ஓடிவர இடம் எடுக்க. பின்னால் போகும்போது அது அடிப்பதில்லை. முன்னால் வந்துதான் முட்டுகிறது. நான் சொல்கிற ஆள் பின்னால் போய்க்கொண்டிருக்கிற அந்த எட்டிலேயே அடிக்கிறான். வள்ளுவர் ஊக்கத்தைப் பற்றிச் சொன்னார், நான் கால்முட்டைப் பற்றிச் சொல்கிறேன். சண்டை இல்லை.

சரி, கால்முட்டுக்கு வருவோம். வலது கைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. முன்னால் போய் அடிக்கிறவனுக்குக் கணக்கு எளிது. பின்கால் தரையை உதைக்கிறது, உடம்பு முன்னால் விழுகிறது, கை அந்த எடையைத் தூக்கிக்கொண்டு போய் இறக்குகிறது. ஜாக் டெம்ப்ஸி 1950-இல் எழுதிய குத்துச்சண்டைப் புத்தகத்தில் இப்படி முன்னால் விழுகிற காலடிக்குத்தான் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். விழுகிற எடைதான் அடி என்பது அவர் கட்சி.

பின்னால் போகிறவனுக்கு எடை அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கை முன்னே போகிறது, உடம்பு பின்னே போகிறது. அவன் அடிப்பது வெறும் கை. ஈ ஓட்டுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் பல பயிற்சியாளர்கள் பையன்களிடம் பின்னால் போகும்போது அடிக்காதே, கையை மூடிக்கொண்டு வெளியே வா என்று சொல்லிவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அது நல்ல புத்திமதி. இரண்டு வருஷம் கழித்தும் அதையே சொன்னால் சோம்பேறித்தனம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது உள்ளே நின்றிருக்கிறீர்களா? கண்டக்டர் விசில் ஊதுகிறார், டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார். பஸ் நின்றுவிட்டது. நீங்கள் நிற்கவில்லை. பின்பக்கமாகச் சாய்கிறீர்கள், நெஞ்சு நிமிர்கிறது, நாடி மேலே தூக்குகிறது, கை கம்பியைத் தேடுகிறது. மோவாய்க்கு நம்ம ஊரில் நாடி என்றுதானே சொல்கிறோம். பின்னால் போய் நிற்கிற புதுப்பையனுக்கு அப்படியே இதுதான் நடக்கிறது. கால் நின்றுவிட்டது, மேலுடம்பு நிற்கவில்லை. நாடி தூக்கிய அந்த நொடியில் எதிராளியின் கை வந்து சேருகிறது. பிறகு கூரை தெரியும்.

நின்று பழகின பயணி என்ன செய்கிறார்? கால்முட்டை லேசாக மடக்கி நிற்கிறார். பஸ்ஸின் ஆட்டத்தை இடுப்பு வாங்கிக்கொள்கிறது, தலை அசையவில்லை. ரிங்கிலும் அதேதான். பின்கால் தரையில் ஊன்றும்போது முட்டு மடங்கவேண்டும். குதிகால் தரையில் ஒட்டிவிடக் கூடாது. பின்னால் ஓடிவந்த எடை முழுவதும் அந்த ஒரு தொடைக்குள் போய்க் கூடவேண்டும். ஊஞ்சல் பின்னால் போய், திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அந்த இடம். அங்கேதான் வலது கை புறப்படவேண்டும். கால் தரையைத் தள்ளுகிறது, தரை திருப்பித் தள்ளுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் திரும்புகிறது, கை போகிறது. பார்க்கிறவர்களுக்கு அவன் பின்னால் போய்க்கொண்டே அடித்த மாதிரி தெரியும். உண்மையில் அவன் கண் இமைக்கிற நேரம் நின்றிருக்கிறான். அந்த நிற்பு தெரியாமல் இருப்பதுதான் வித்தை.

ஒரு கணம் முந்தினால் கை வெறும் கையாகப் போகும். பிந்தினால் எடை ஆறிப்போய்விடும், அதற்குள் அவனும் உள்ளே வந்துவிடுவான். இதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. தோசை திருப்புகிற பதம் மாதிரி.

இன்னொரு பக்கமும் உண்டு. எதிராளி சும்மா நிற்கவில்லை. வருகிறான். அவன் வருகிற வேகம் நம் கணக்கில் வரவு. நகைக்கடைக் கண்ணாடிக் கதவில் போய் மூக்கை இடித்துக்கொண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். கதவு உங்களை அடித்ததா? இல்லை. நீங்கள் நடந்துபோய் அதற்கு அடியைக் கொடுத்தீர்கள். பின்னால் நகர்கிறவன் எதிராளியை நடக்க வைக்கிறான், பிறகு கதவைச் சாத்துகிறான். 2012 டிசம்பர் 8-இல் லாஸ் வேகாஸில் மெக்ஸிகோவின் யுவான் மானுவேல் மார்க்கெஸ், பிலிப்பைன்ஸின் மானி பக்கியாவோவைச் சாய்த்தது இப்படித்தான். ஆறாவது ரவுண்டு முடிய ஒரு நொடி இருந்தது. பக்கியாவோ வேகமாக உள்ளே எட்டு வைத்தார், மார்க்கெஸின் வலது கை அங்கே இருந்தது. பக்கியாவோ முகம் குப்புற விழுந்தார். அது அவர்களுக்குள் நான்காவது சண்டை. முதல் மூன்றிலும் மார்க்கெஸ் ஜெயிக்கவில்லை.

அதே டிசம்பர் 8, அதே ஊர், ஐந்து வருஷம் முன்னால், 2007. ஃப்ளாய்ட் மேவெதரை விரட்டிக்கொண்டு இங்கிலாந்தின் ரிக்கி ஹேட்டன் பாய்ந்தார். ஹேட்டன் எருது மாதிரி வருகிற ஆள். பத்தாவது ரவுண்டு. மேவெதர் கார்னர் பக்கம் பின்வாங்குகிறார். ஹேட்டன் பாய்ந்த நேரத்தில் இடது கையை வளைத்து ஒரு ஹூக். அடித்த அதே அசைவில் முன்காலை அச்சாக வைத்துப் பின்காலை வீசிச் சுற்றி விலகிவிட்டார். ஹேட்டன் அந்த வேகத்திலேயே போய்க் கார்னரின் மெத்தையில் தலை மோதி விழுந்தார். இதைச் செக் ஹூக் என்பார்கள். முன்னே சொன்ன வலது கை அடி பின்காலை ஊன்றிப் பிறக்கிறது என்றால், இது முன்கால் ஆணியில் பிறக்கிறது. வீட்டுக்கதவு கீலில் சுற்றுகிற மாதிரி உடம்பு சுற்றுகிறது. அடியும் விலகலும் தனித்தனி வேலை இல்லை.

முன்கையை நேராக நீட்டிக் குத்துகிற ஜாபைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னால் போகும்போது போடுகிற ஜாப் வலிக்க வைக்க அல்ல. அது தாழ்ப்பாள். பின்கால் புறப்படும்போதே இடது கையும் புறப்படவேண்டும். முன்கால் தரையை விட்டு வருவதற்குள் கை போய்த் தொட்டிருக்கவேண்டும். அவன் கண்ணை ஒரு நொடி மறைத்தால் போதும். நாம் எங்கே ஊன்றப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த வித்தையில் எனக்குப் பிடித்தவர் முகமது அலி என்று சொன்னால் ஆச்சரியப்படமாட்டீர்கள். 1966 நவம்பர் 14-இல் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ் என்கிற பலசாலியோடு அவர் ஆடிய சண்டையைப் படத்தில் பாருங்கள். மூன்று ரவுண்டில் முடிந்துவிட்டது. வில்லியம்ஸ் முன்னால் வருகிறார், அலி பின்னால் போகிறார், விழுவது வில்லியம்ஸ். கனரக எடையில் ஒருவர் பின்னால் சறுக்கிக்கொண்டே ஆளை வீழ்த்துவதை அதற்கு முன் இவ்வளவு துலக்கமாக உலகம் பார்த்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

அலியை நேரிலும் பார்த்திருக்கிறேன். 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். பாதிக் கூட்டம் யாரைப் பார்க்க வந்தது என்று கேட்காதீர்கள். நான் அப்போது கல்லூரி மாணவன். கிடைத்தது கடைசிப் படிக்கட்டு. அங்கிருந்து கை தெரியவில்லை. ஆள் எங்கே நகர்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. காட்சிப் போட்டிதானே, யாரும் யாரையும் வீழ்த்த வரவில்லை. ஆனால் கை தெரியாமல் காலை மட்டும் பார்த்த அந்த மாலையில்தான் குத்துச்சண்டை எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

புரிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமே ஒரு போட்டியில் அலி மாதிரி பின்னால் நடனம் ஆடப்போய், இடது கால் வலது காலுக்குப் பின்னால் போய்விட்டது. பின்னல் விழுந்த கால். அதே நேரத்தில் வலது கையை வேறு வீசினேன். எதிராளி என்னைத் தொடவே இல்லை. நானாக உட்கார்ந்தேன். ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். எந்தக் கல்லூரிப் போட்டி என்று சொல்லமாட்டேன். அங்கே கைதட்டியவர்களில் சிலர் இன்னும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

வடசென்னைக்கு இதில் ஒரு தனிக்கதை இருக்கிறது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து குத்துச்சண்டை வளர்ந்த இடம். அங்கே போட்டிக்கு 'ரோசமான குத்துச்சண்டை' என்று போஸ்டர் ஒட்டுவார்கள். பேரிலேயே ரோசம் இருக்கும்போது பின்னால் எட்டு வைக்கிறது யார்? 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' படத்தை எல்லாரும் பார்த்தீர்கள். படம் பார்த்து முடித்தவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள்? கதாநாயகன் கபிலனைவிட எதிராளி டான்சிங் ரோஸைப் பற்றித்தான். நிற்காத ஆள். சாய்ந்து, வழுக்கி, பின்னால் போய், எங்கிருந்தோ அடிக்கிற ஆள். ரோசத்தைப் பார்க்க உட்கார்ந்த ஜனம் நளினத்தை மெச்சிக்கொண்டு எழுந்தது. இதில் நம்மைப் பற்றி ஏதோ இருக்கிறது, அதை நான் நோண்டப் போவதில்லை.

ஆனால் பின்னால் போவதிலேயே பெருமை இல்லை. அதற்கு ஒரு கசப்பான சாட்சி சொல்கிறேன். 1947 டிசம்பர் 5, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். உலக சாம்பியன் ஜோ லூயிஸுக்கு எதிரே ஜெர்ஸி ஜோ வால்காட். ஆறு பிள்ளைகளுக்கு அப்பா, ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூலி வேலைக்கெல்லாம் போய்த் திரும்பி வந்தவர். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. சண்டைக்கு நடுவில் எனக்கென்ன என்கிற மாதிரி பக்கவாட்டில் நடந்து விலகுவார். சந்தைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். எதிராளி கையை இறக்கிக்கொண்டு பின்னால் வருவான். பட்டென்று திரும்பி வலது கையை வைப்பார். அந்த இரவில் லூயிஸை முதல் ரவுண்டிலும் நான்காவது ரவுண்டிலும் இரண்டு தடவை வீழ்த்தினார். லூயிஸ் வீழ்கிறார் என்பதே அன்றைக்குச் செய்தி.

கடைசி ரவுண்டுகளில் வால்காட்டின் கார்னரில் இருந்தவர்கள், நாம்தான் முன்னால் இருக்கிறோம், இனி விலகி ஆடு என்று சொல்லிவிட்டார்கள். அவர் விலகினார். அதுவரை விலகி அடித்தவர், இப்போது விலக மட்டும் செய்தார். பதினைந்து ரவுண்டு முடிந்ததும், தான் தோற்றுவிட்டோம் என்று நினைத்து லூயிஸே ரிங்கை விட்டு இறங்கப் போனார், பிடித்து நிறுத்தினார்கள். தீர்ப்பு வந்தது. ரெஃப்ரி வால்காட்டுக்குப் போட்டார். இரண்டு நடுவர்கள் லூயிஸுக்குப் போட்டார்கள். லூயிஸ் ஜெயித்தார்.

அநியாயம் என்று அன்றைக்கே கூட்டம் கத்தியது. நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பின்னால் எட்டு வைத்து அடிக்கிறவன் சண்டையை நடத்துகிறான். அடிக்காமல் பின்னால் எட்டு வைக்கிறவன், சண்டையை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வியை நடுவரிடம் கொடுத்துவிடுகிறான். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் பிறகு அநியாயம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. வால்காட் விடவில்லை. 1951 ஜூலையில் 37 வயதில் எஸார்ட் சார்ல்ஸை ஏழாவது ரவுண்டில் ஒரு இடது ஹூக்கால் சாய்த்து சாம்பியன் ஆனார்.

இப்போது அளவு அடிக்கு வருகிறேன். போட்டி ரிங் கயிற்றுக்கு உள்ளே பக்கத்துக்கு 6.10 மீட்டர். நம் கணக்கில் 20 அடி. நடுவில் நிற்கிறவனுக்குப் பின்னால் இருப்பது 10 அடி. ஒரு எட்டுக்கு ஓரடி என்று அளந்து போனாலும் பத்து எட்டில் கயிறு முதுகில் இடிக்கும். பதற்றத்தில் எட்டு பெரிதாகிவிடும், நாலைந்திலேயே இடிக்கும். கயிற்றில் சாய்ந்தவனுக்குப் பின்கால் ஊன்ற இடம் இல்லை. ஊன்றாதவனுக்கு அடி இல்லை.

அதனால் என் பிள்ளைகளிடம் நேர்கோட்டில் இரண்டு எட்டுதான் என்று சொல்லுவேன். மூன்றாவது எட்டு பக்கவாட்டில் போகவேண்டும், அல்லது நின்று அடிக்கவேண்டும். நேராக மூன்றாவது எட்டு வைத்தால் எதிராளிக்குத் தாளம் பிடிபட்டுவிடும். தாளம் பிடிபட்டவன் உங்கள் அடுத்த காலடிக்கு முன்பே அங்கே கையைக் கொண்டுபோய் வைத்திருப்பான்.

நம் ஊர் அடிமுறையில் இந்தக் கயிறு கிடையாது. மலபாரில் தரையைத் தோண்டி, கூரை போட்டுக் களரி கட்டுவார்கள். நம் பக்கம் பெரும்பாலும் திறந்த வெளி, சுற்றி ஓலைத் தட்டி. பதினாறு வயதில் கொஞ்ச காலம் நான் ஒரு ஆசானிடம் போனேன். முதலில் ஒற்றைச்சுவடு. தனியாக நின்று நான்கு திசைக்கும் கால் வைத்துத் திரும்புவது. பிறகு ஆளோடு ஆள் நின்று கூட்டச்சுவடு. அதற்கப்புறம்தான் குறுவடி, நெடுவடி என்கிற கம்புகள். மாதக்கணக்கில் கால்தான். "ஆசானே, கை எப்பம்?" என்று கேட்டேன். "காலு வரட்டும், கை பொறத்தால வரும்" என்றார். 2020-இல் 'பட்டாஸ்' படம் வந்து அடிமுறை என்ற பேர் நாடெங்கும் போனபோது பையன்கள் கேட்டது அந்தப் பறந்து பறந்து அடிக்கிறதை. ஒற்றைச்சுவட்டை யாரும் கேட்கவில்லை.

குத்துச்சண்டையும் சுவடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சுவட்டில் ஆள் தாழ்ந்து, அகன்று நிற்பான். கை இடுப்பிலிருந்தும் வரும், முழங்கையும் வரும், காலே உதைக்க வரும். ரிங்கில் அது செல்லாது. ஆனால் பின்னால் வைக்கிற கால் வெறுங்கால் இல்லை, அடுத்த அடிக்கு அச்சாரம் என்கிற அறிவு எனக்கு அந்த ஓலைத் தட்டிக்குள் கிடைத்தது. சென்னையில் கையுறை போட்டபோது அது உதவியது. அந்தக் கல்லூரிப் போட்டி அன்றைக்கு உதவவில்லை, பின்னி விழுந்தேன். ஆனால் ஏன் விழுந்தேன் என்று புரிந்துகொள்ள உதவியது.

பின்னால் நகர்ந்துகொண்டே அடிக்கிற இந்த வித்தை குள்ளமானவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ரொம்ப வேண்டியது. மேரி கோமைப் பாருங்கள். உலகப் பட்டம் ஆறு தடவை வாங்கியவர். பழக்கப்பட்ட 46, 48 கிலோவிலிருந்து, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக 51 கிலோவுக்கு ஏறவேண்டி வந்தது. பெண்களுக்கு அங்கே அதற்குக் கீழே எடைப்பிரிவே இல்லை. எதிரே வந்தவர்கள் உயரமானவர்கள். இடது கைக்காரியான அவர் உள்ளே பாய்ந்து அடிப்பதை எல்லாரும் பார்த்தார்கள். வெளியே வரும் வழியிலும் ஒரு கை போட்டுவிட்டு வருவதைப் பார்த்தவர்கள் குறைவு. சும்மா வெளியே வந்தால் உயரமானவளின் நீளக் கை துரத்திக்கொண்டு வரும். வெண்கலத்தோடு திரும்பினார். நம் தமிழ்நாட்டு வி. தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதை இன்றைக்குப் பையன்களிடம் கேட்டால் முழிக்கிறார்கள். அது வேறு வருத்தம்.

என்னிடம் ஒரு பெண்பிள்ளை பயிற்சிக்கு வருகிறாள். தக்கலைப் பக்கம். இரண்டு கணுக்காலையும் தோள் அகலத்துக்கு ஒரு கயிற்றால் கட்டிவிடுவேன். கால்கள் ரொம்ப விலகினால் கயிறு இழுக்கும், சேர்ந்தால் தொய்ந்து தரையில் கிடக்கும். கயிறு தொய்யாமலும் இழுக்காமலும் பின்னால் போகவேண்டும். எதிரே நான் பேட் பிடித்துக்கொண்டு நடந்து வருவேன். எப்போது கைதட்டுவேன் என்று சொல்லமாட்டேன். தட்டின உடனே நின்று வலது கை. பிறகு தட்டுவதையும் நிறுத்திவிடுவேன், என் தோள் அசைவைப் பார்த்து அவளே முடிவு செய்யவேண்டும். முதல் இரண்டு மாதம் அழுதாள். மூன்றாவது மாதம் என் மணிக்கட்டு வீங்கியது.

அவளுடைய முதல் போட்டிக்கு அம்மா வந்திருந்தார். முதல் ரவுண்டு முடிந்ததும் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "சார், எம்பிள்ள பொறத்தால பொறத்தால போவுதே, பயந்துட்டாளோ?" என்று கேட்டார். புறநானூற்றுக் கிழவி வாள் இல்லாமல் வந்து நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. "எதிர நிக்கப்பட்ட பிள்ளைக்க மூக்கப் பாருங்க அம்மா" என்றேன். பார்த்தார். சிவந்திருந்தது. அப்புறம் அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது ரவுண்டில், பின்னால போ மக்ளே, பின்னால போ என்று அரங்கமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது அவர்தான். அந்தப் போட்டியில் பிள்ளை ஒரு புள்ளியில் தோற்றாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது ரவுண்டில் நேராக மூன்று எட்டு வைத்துவிட்டாள்.

பேச்சு போதும். பேசிப் புரிகிற காரியம் இல்லை இது. முன்வரிசையில் செல்போன் வைத்திருக்கிற தம்பி, நீல சட்டை, நீதான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு மேலே வா. இந்த நாற்காலிகளை யாராவது சுவரோரமாகத் தள்ளுங்கள், மைக் வயரையும் எடுத்துவிடுங்கள், கால் மாட்டும். இடது கால் முன்னே. முட்டை மடக்கு. இன்னும் கொஞ்சம். இப்போது நான் உன்னை நோக்கி நடந்து வருவேன். நீ தரையைப் பார்க்காதே, என் நெஞ்சைப் பார்.